பழைய பாய்லரை மாற்றும் முன்னும் மாற்றிய பின்னும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டைச் சூடாக்கும் பாய்லரோ வெந்நீர்த் தொட்டியோ எரிபொருளை விழுங்கத் தொடங்கினால், "பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம்" என்பதுதான் முதலில் தோன்றும். ஆனால் பாதிக் குற்றம் பெட்டியில் இருப்பதில்லை. உள்ளே ஓடும் தண்ணீரிலும், அது ஓடும் குழாயிலும், நாம் திருகி வைத்திருக்கும் வெப்பநிலையிலும் இருக்கிறது. அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பெட்டியை மாட்டினால் பழைய நோய் புதியதையும் பிடிக்கும். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் இரண்டு கேள்விகள்: இது பழுதுபார்த்தால் தீருமா? தீராதென்றால், புதியது வருவதற்கு முன் எதைச் சரிசெய்து வைக்க வேண்டும்?

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், குழாயில் கட்டக்கூடிய இரண்டு தெர்மாமீட்டர், ஒரு வாளி, டயர் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், சைக்கிள் பம்ப், ரேடியேட்டரில் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகட்டில்) காற்றை இறக்கும் சாவி. எலிமென்டை (தண்ணீரைச் சூடாக்கும் மின்கம்பியை) தொடும் வேலை எதுவானாலும் மெயின் சுவிட்சை இறக்கி, மின்சாரம் இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான்.

தொடவே கூடாத அறிகுறிகள்

பர்னர் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாகச் சோம்பி எரிகிறது, உறையில் கரி படிகிறது, பாய்லர் ஓடும்போது தலைவலியும் குமட்டலும் வருகிறது என்றால் அது கார்பன் மோனாக்சைடு. அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். எரிவாயு நாற்றம் என்றால் சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியேறுங்கள். இவை உரிமம் பெற்ற ஆட்களின் வேலை. மிகப் பழைய பாய்லரையும் குழாய்களையும் சுற்றிய வெள்ளைப் பூச்சு உறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் சுரண்டாதீர்கள்.

வெந்நீர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, அல்லது வெதுவெதுப்பாகவே வருகிறது

முதலில் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட்-மணி வேண்டும். 150 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 55-க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 7 யூனிட் (கிலோவாட்-மணி). 2 கிலோவாட் எலிமென்ட் என்றால் மூன்றரை மணி நேரம். மூன்று பேர் குளித்து அரைமணியில் நான்காமவருக்குத் தண்ணீர் ஆறிவிட்டால் அது பழுதல்ல, தொட்டி போதவில்லை. முன்பு போதியது இப்போது போதவில்லை என்றால்தான் மேற்கொண்டு தேட வேண்டும்.

அடுத்து, பலரும் செய்யாத சோதனை. தொட்டிக்குள் போகும் குளிர்நீர் வால்வை மூடிவிட்டு, வீட்டில் ஏதாவது ஒரு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். சில நொடிகளில் ஓட்டம் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், எங்கோ ஒரு மிக்சர் குழாய்க்குள் குளிர்நீர் வெந்நீர்ப் பக்கம் கலக்கிறது. ஷவரின் மிக்சருக்குக் கீழ் உள்ள கட்டுப்பாட்டு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால் குற்றவாளி சிக்கும். பல சமயம் ஒரு ரப்பர் வாஷரோ கார்ட்ரிட்ஜோ மாற்றினால் போதும். இதைப் பார்க்காமல் தொட்டியை மாற்றியவர்களுக்குப் புதிய தொட்டியிலும் வெதுவெதுப்பான தண்ணீர்தான் கிடைக்கும்.

கலப்பு இல்லையென்றால் எலிமென்ட். மின் இணைப்பைத் துண்டித்து, வயர்களைக் கழற்றி ஓம்ஸ் பாருங்கள். 230 வோல்ட்டில் 2 கிலோவாட் எலிமென்ட் 26 ஓம்ஸ் காட்டும், 3 கிலோவாட் 17.6 ஓம்ஸ். முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. முனைக்கும் உடலுக்கும் இடையே ஏதாவது அளவு காட்டினால் உறை வெடித்து எர்த் ஆகிறது. அதனால்தான் கசிவு மின் பாதுகாப்பு சுவிட்ச் தட்டிக்கொண்டே இருக்கும். மேலும் கீழும் இரண்டு எலிமென்ட் மாறி மாறி ஓடும் தொட்டியில், முதல் சில நிமிடம் நல்ல சூடு, பிறகு திடீரென்று குளிர் என்றால் கீழ் எலிமென்ட் போய்விட்டது. மேலே உள்ளது போனால் சூடே இருக்காது. மேல் தெர்மோஸ்டாட் திருப்தியான பிறகுதான் கீழுக்கு மின்சாரம் போகும்.

எலிமென்ட் நன்றாக இருந்தும் இதே அறிகுறி என்றால் உட்குழாயைச் சந்தேகியுங்கள். குளிர்நீரைத் தொட்டியின் அடிக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாய் உடைந்தால், உள்ளே வரும் குளிர்நீர் மேலேயே விழுந்து வெந்நீரோடு போய்விடும். குழாய் முனைச் சல்லடைகளில் வெள்ளைப் பிளாஸ்டிக் துணுக்குகள் சேர்ந்திருப்பது இதற்குச் சாட்சி.

தொட்டிக்குள் உலை கொதிக்கிற சத்தம்

அடியில் சுண்ணாம்புப் படிவு. அதன் கீழ் மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி வெடிக்கும் சத்தம் அது. எரிவாயுத் தொட்டியில் இந்தப் படிவு தீக்கும் தண்ணீருக்கும் நடுவே போர்வையாகிவிடும். வெப்பம் புகைபோக்கி வழியே போய்விடும். மின்சாரத் தொட்டியில் சூடு எங்கும் போகாது, தண்ணீருக்குள்ளேதான் இறங்கும். ஆனால் எலிமென்ட் தன் சூட்டிலேயே வெந்து அறுந்துபோகும். அதனால் எரிவாயுத் தொட்டியில் பில்லும், மின்சாரத் தொட்டியில் எலிமென்ட் செலவும் ஏறும்.

மின்சாரத்தையும் எரிவாயுவையும் முதலில் நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாத தொட்டியில் எலிமென்ட் ஓடினால் சில நொடிகளில் முடிந்துவிடும். குளிர்நீரை மூடி, மேலே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, அடி வால்வில் ஹோஸ் மாட்டி வடியுங்கள். பிறகு குளிர்நீரைத் திறந்து திறந்து மூடி, கலங்கிய தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். கட்டியாகிவிட்டதென்றால் எலிமென்டைக் கழற்றி அந்த ஓட்டை வழியே அள்ள வேண்டியதுதான். எலிமென்டை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலில் ஊறவைத்தால் ஓடு கழன்றுவிடும். கேஸ்கெட்டைப் பழையதையே போடாதீர்கள். 60 டிகிரிக்கு மேல் படிவு வேகமாகச் சேரும். வெப்பநிலையை 70-இல் வைத்திருப்பதே பல தொட்டிகளின் ஆயுளைக் குறைக்கிறது.

அதற்காக 45-க்கு இறக்கிவிடவும் கூடாது. லெஜியோனெல்லா என்னும் நிமோனியாக் கிருமி 20 முதல் 45 டிகிரி வரை வளரும். தொட்டியை 60-இல் வைத்து, வெளியேறும் இடத்தில் தெர்மோஸ்டாட்டிக் மிக்சிங் வால்வு போட்டு, குழாயில் 48 டிகிரிக்குக் குறைத்துக் கொடுப்பதே சரி. 60 டிகிரித் தண்ணீர் பெரியவர்களின் தோலையே சில நொடிகளில் வேகவைத்துவிடும். குழந்தைகளுக்கு இன்னும் வேகமாக.

நாற்றமும் நிறமும்

குளிர்நீரில் இல்லாமல் வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், மெக்னீசியம் ஆனோட் கம்பியும் (தொட்டி துருப்பிடிக்காமலிருக்கத் தான் கரையும் கம்பி) தண்ணீரில் உள்ள சல்பேட்டைத் தின்னும் கிருமிகளும் சேர்ந்து செய்யும் வேலை. அலுமினியம்-துத்தநாகக் கம்பிக்கோ மின்சார ஆனோடுக்கோ மாறினால் நின்றுவிடும். கம்பியை எடுத்துவிட்டு ஓட்டையை மட்டும் அடைக்காதீர்கள். தொட்டிதான் அடுத்த பலி.

வெந்நீரில் மட்டும் செம்பழுப்பு நிறம் வந்தால் ஆனோடைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி தெரிகிற அளவுக்குக் கரைந்திருந்தால் மாற்றுங்கள். முழுதும் கரைந்து தொட்டியே துருப்பிடித்து ஒழுகத் தொடங்கியிருந்தால் பழுதுபார்க்க எதுவும் இல்லை. ஓட்டை விழுந்த எனாமல் தொட்டியை ஒட்ட முடியாது.

யாரும் பயன்படுத்தாத நாளிலும் மீட்டர் ஓடுகிறது

ஒரு நாள் முழுக்க வெந்நீரைத் தொடாமல் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 150 லிட்டர்த் தொட்டி 12 மணி நேரத்தில் 10 டிகிரி ஆறினால் அது 1.74 யூனிட், நாளைக்கு மூன்றரை. நல்ல உறையுள்ள புதிய தொட்டி இதில் பாதிகூட இழக்காது.

ஆனால் உறையைக் குறை சொல்லும் முன் குழாயைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரம் யாரும் குழாயைத் திறக்காதபோது, தொட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வெந்நீர்க் குழாய் சுட்டால், தண்ணீர் தானாகவே சுழல்கிறது. சூடான தண்ணீர் மேலே ஏறி, ஆறி, அதே குழாயில் இறங்குகிறது. தொட்டியை விட்டு வெளியே வந்ததும் குழாயை 15 - 20 சென்டிமீட்டர் கீழே வளைத்து, பிறகு மேலே கொண்டுபோனால் நின்றுவிடும். சுழற்சிப் பம்ப் உள்ள வீடு என்றால் அது இரவு பகலாக ஓடுகிறதா என்று பாருங்கள். டைமர் போடுவதுதான் இருப்பதிலேயே மலிவான வைத்தியம்.

பாய்லர் அழுத்தம் சூட்டில் 3 பாருக்கு ஏறுகிறது, ஆறினால் பூஜ்யத்துக்கு இறங்குகிறது

பாய்லரும் ரேடியேட்டர்களும் சேர்ந்த மூடிய சுற்றில் குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) இருக்க வேண்டும். 3 பாரில் சேஃப்டி வால்வு திறந்து தண்ணீரைத் துப்பும். துப்பிய தண்ணீரை நாம் நிரப்ப, அது மறுபடி துப்ப, இப்படியே மாதக்கணக்கில் ஓடும். ஒவ்வொரு நிரப்பலிலும் புது ஆக்சிஜன் உள்ளே போகிறது. ரேடியேட்டர் இரும்பு உள்ளுக்குள் துருப்பிடித்துக் கறுப்புச் சேறாகிறது. புதிய பாய்லரைக் கொல்வது பெரும்பாலும் இந்தச் சேறுதான்.

காரணம், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்கில் (விரிவு டேங்கில்) காற்று இல்லாதது. டேங்கின் பின்னால் டயர் வால்வு போன்ற முனையை ஒரு நொடி அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது. டேங்கை மாற்ற வேண்டும். காற்று வந்தாலும் வரவில்லையென்றாலும் அழுத்தம் அளக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை: தண்ணீர்ப் பக்கத்தைப் பூஜ்ய அழுத்தத்துக்கு வடித்துவிட்டு, வடிகாலைத் திறந்தே வைத்து அளக்க வேண்டும். தண்ணீர் அழுத்திக்கொண்டிருக்கும்போது அளந்தால் கேஜ் தண்ணீரின் அழுத்தத்தைத்தான் காட்டும். இந்தத் தவறினால்தான் "காற்று சரியாக இருக்கிறது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போகிறார்கள். மேல்மாடி ரேடியேட்டர் வரை உள்ள உயரத்தில் மீட்டருக்கு 0.1 பார், அதோடு 0.3 சேர்த்துக் காற்றடியுங்கள். இரண்டு மாடி வீட்டில் 0.8 முதல் 1 பார் வரும். பிறகு தண்ணீரை 1.2-க்கு நிரப்புங்கள்.

குடிநீர்ப் பக்கம் உள்ள வெந்நீர்த் தொட்டியின் வால்வு சொட்டுவது வேறு கதை. 150 லிட்டர் 15-இலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 2.4 லிட்டர் விரியும். உள்வரும் வழியில் ஒருவழி வால்வு இருந்தால் அது போக இடமில்லை, சொட்டத்தான் செய்யும். குடிநீருக்குரிய விரிவு டேங்க் ஒன்றை, உள்வரும் தண்ணீர் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றடித்துப் பொருத்துங்கள். சொட்டுகிறதே என்று வால்வின் வாயை அடைப்பவர்கள் உண்டு. தொட்டி வெடித்துக் கூரையைத் துளைத்துக்கொண்டு போவது அப்படித்தான்.

ரேடியேட்டர் சரியாகச் சூடாகவில்லை

மேல்பாதி குளிர் என்றால் காற்று. பம்பை நிறுத்தி, சாவியால் இறக்கிவிட்டு அழுத்தத்தை நிரப்புங்கள். வாரா வாரம் காற்று சேர்ந்தால் எங்கோ கசிகிறது, அல்லது உள்ளே துருப்பிடித்து ஹைட்ரஜன் உண்டாகிறது. தீக்குச்சி வைத்துப் பார்க்க வேண்டாம்.

கீழ் நடுப்பகுதி குளிர்ந்து ஓரங்கள் சுட்டால் சேறு. ஒன்றிரண்டு ரேடியேட்டர் என்றால் கழற்றி வெளியே கொண்டுபோய் ஹோஸால் அலசலாம். எல்லாமே அப்படியென்றால் முழுச் சுற்றையும் அலச வேண்டும்.

ஒரே ரேடியேட்டர் முழுக்கக் குளிர் என்றால் அதன் வால்வின் மேல் உள்ள தெர்மோஸ்டாட் தலையைக் கழற்றி உள்ளே உள்ள ஊசியைப் பாருங்கள். கோடை முழுக்க மூடியிருந்தால் ஒட்டிக்கொள்ளும். மெல்லத் தட்டி மேலும் கீழும் அசைத்தால் விடும். கிடுக்கியால் இழுக்காதீர்கள், ஊசி கையோடு வந்தால் தண்ணீரும் வரும். பாய்லருக்குப் பக்கத்தில் கொதிக்க, கடைசி அறையில் குளிர என்றால் அது ஓட்டம் சமமாகப் பிரியாத குறை: பக்கத்து ரேடியேட்டர்களின் மறுமுனை வால்வைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று குறைத்து, எல்லாவற்றிலும் போகும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் உள்ள வித்தியாசம் ஒரே அளவுக்கு வரும் வரை பொறுமையாகச் செய்யுங்கள்.

பாய்லர் பற்றுகிறது, அணைகிறது, மறுபடி பற்றுகிறது

மூன்று நிமிடம் எரிந்து ஐந்து நிமிடம் ஓய்வு என்று குளிர்நாளிலும் ஓடினால், பாய்லர் வீட்டுக்குப் பெரிது. பழைய பாய்லரின் தகட்டில் உள்ள எண்ணைப் பார்த்து அதே அளவில் புதியதை வாங்குவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு. வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பதை மீட்டரே சொல்லும்.

குளிரான ஒரு நாளில் 24 மணி நேரத்துக்கு எரிவாயு மீட்டரைக் குறியுங்கள். வெளியே சராசரி 2 டிகிரி, உள்ளே 20, எரிந்தது 14 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு ஏறத்தாழ 10.5 யூனிட், துல்லியமான எண் பில்லில் இருக்கும். மொத்தம் 147 யூனிட். பழைய பாய்லரின் திறன் 80 சதவீதம் என்றால் வீட்டுக்குள் வந்தது 118. வெந்நீருக்கு 8 கழித்தால் 110. அதை 24 மணியால் வகுத்தால் 4.6 கிலோவாட். உங்கள் ஊரின் கடுங்குளிர் மைனஸ் 7 என்றால் வித்தியாசம் 18-இலிருந்து 27 டிகிரியாகிறது; தேவையும் ஒன்றரை மடங்கு, 6.9 கிலோவாட். தகட்டில் 24 என்று எழுதியிருக்கும்! குழாயில் உடனடியாக வெந்நீர் தரும் பாய்லருக்கு அந்த 24 வேண்டும்: நிமிடத்துக்கு 10 லிட்டரை 30 டிகிரி உயர்த்தவே 21 கிலோவாட். அப்படியென்றால் எவ்வளவு தாழ இறங்கி எரியும் என்ற கீழ் எல்லையைக் கேட்டு வாங்குங்கள்.

ஹீட் பம்புக்கு (வெளியே உள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் மின்கருவிக்கு) மாறும் எண்ணமிருந்தால் இன்னொரு சோதனையும் பழைய பாய்லர் இருக்கும்போதே செய்துவிடலாம். பழைய இரும்பு பாய்லரானால் குளிர்ந்த தண்ணீர் நெடுநேரம் திரும்பிவந்தால் உள்ளே ஈரம் படிந்து அரிக்கும்; அதனால் ஓரிரு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடுங்குளிர் நாளில் போகும் தண்ணீரை 50 டிகிரிக்கு இறக்கி, தெர்மோஸ்டாட்டுகளைத் திறந்து விட்டு, நாள் முழுக்க ஓடவிடுங்கள். 50-இல் போய் 45-இல் திரும்பும் ரேடியேட்டர், அட்டவணையில் போட்டிருக்கும் சூட்டில் ஏறத்தாழ 46 சதவீதமே தரும். அட்டவணை எண்கள் தண்ணீர் அறையைவிட 50 டிகிரி கூடுதலாக இருக்கும் நிலைக்கானவை. எந்த அறை 20-ஐத் தொடவில்லையோ அந்த அறை ரேடியேட்டரை மட்டும் பெரிதாக்கினால் போதும்.

புதியதை மாட்டிய பின்

கண்டென்சிங் பாய்லர் வந்தும் பில் குறையவில்லையா? அடியில் உள்ள வடிகால் குழாயைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் எரிவாயு எரிந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். திரும்பும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது பாய்லருக்குள் வடிந்து தன் வெப்பத்தைக் கொடுக்கும். வடிகால் உலர்ந்து கிடந்தால், பொருத்தியவர் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 75 அல்லது 80 டிகிரியில் விட்டுப் போயிருக்கிறார். 60-க்கோ அதற்கும் கீழோ இறக்குங்கள். இந்த வடிநீர் அமிலம்; செப்பு, இரும்புக் குழாயில் விடக் கூடாது. பனிக்காலக் காலையில் களகளவென்று சத்தம் போட்டு பாய்லர் நின்றால் வெளியே போகும் வடிகால் உறைந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி இளக்கி, பிறகு குழாயைப் பருமனாக்கி உறை போடுங்கள்.

பழைய பாய்லரும் எரிவாயு வெந்நீர்த் தொட்டியும் ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்திருந்தால், பாய்லர் போன பின் தனித்து நிற்கும் தொட்டிக்கு அந்தப் புகைபோக்கி மிகப் பெரிது. புகை ஆறி, மேலே ஏறாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பும். ஜன்னலில் ஈரம், தொட்டியின் மேல் மூடியருகே துரு இதன் அறிகுறிகள். புகைபோக்கிக்குள் சிறிய உட்குழாய் இறக்குவது மாற்றும் வேலையின் பட்டியலிலேயே இருக்க வேண்டும்.

ஹீட் பம்ப் "ஓட்டம் குறைவு" என்று பிழை காட்டி நின்றால், முதலில் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். முதல் வாரத்தில் பழைய சேறெல்லாம் அங்கேதான் வந்து சேரும். கழுவியும் தீரவில்லையென்றால் குழாய்ப் பருமன். 5 டிகிரி வித்தியாசத்தில் ஒரு கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 2.9 லிட்டர் ஓட வேண்டும். 8 கிலோவாட்டுக்கு 23 லிட்டர். பாய்லருக்குப் போதிய 22 மில்லிமீட்டர் குழாய் இங்கே மூச்சுத் திணறும். முதன்மைக் குழாயாவது 28 ஆக வேண்டும். எல்லா அறைத் தெர்மோஸ்டாட்டும் மூடிக்கொண்டாலும் இதே பிழை வரும். பெரிய அறை ஒன்றிரண்டில் தலைகளைக் கழற்றி விடுங்கள்.

மின்கட்டணம் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றால் மெனுவில் துணை எலிமென்ட் எத்தனை மணி ஓடியது என்பதைப் பாருங்கள். சத்தமில்லாமல் ஓடும் அதுதான் பெரும்பாலான பில் புகார்களின் மூலம். அடுத்தது வளைகோடு: வெளியே குளிர் கூடக்கூடத் தண்ணீர்ச் சூட்டை உயர்த்தும் அமைப்பு. ஒவ்வொரு டிகிரி குறைப்பிலும் ஏறத்தாழ 2.5 சதவீதம் மின்சாரம் மிஞ்சும். வீடு குளிரத் தொடங்கும் வரை இரண்டு நாளைக்கு ஒரு டிகிரி இறக்கி, பிறகு ஒன்று ஏற்றி நிறுத்துங்கள்.

வெந்நீர் மட்டும் 45-இல் நின்றுவிட்டு, ஹீட் பம்ப் பற்றி அணைந்துகொண்டே இருந்தால், பழைய தொட்டியையே வைத்திருக்கிறார்கள். அதன் உட்சுருள் ஒரு சதுர மீட்டர்கூட இருக்காது. 8 கிலோவாட்டுக்கு 2 முதல் 3 சதுர மீட்டர் வேண்டும். தொட்டியை மாற்றாமல் இது தீராது. புதிய தொட்டியிலும் இப்படியென்றால் வெப்ப உணரி அதன் துளையிலிருந்து நழுவி வெளியே தொங்குகிறதா என்று பாருங்கள்.

வெளியலகில் பனி படிந்து திடீரென்று புகை போல ஆவி கிளம்பினால் அது பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் வேலை; பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பனி உருகாமல் கட்டியாகி விசிறியைத் தொடும் அளவுக்கு வளர்ந்தால் நிறுத்திவிட்டுக் குளிர்ப்பொருள் அழுத்தம் பார்ப்பவரை அழையுங்கள். கம்பியால் குத்தி உடைத்தால் சுருள் ஓட்டையாகிவிடும்.